வீட்டில் கடைசி நாட்கள்: குடும்ப டொக்டரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே இருக்கும் கேள்விகளில் பெரும்பாலானவை டிஸ்பென்சரியில் மற்ற எல்லாரும் போன பிறகு, கதவோரம் நின்று மெதுவாகக் கேட்கப்பட்டவை. கேட்டவர்கள் அனேகமாக மகள்மார். கடைசிப் பகுதியில் வருபவை, மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் புதிதாகப் பொது மருத்துவத்துக்கு வந்த டொக்டர்மார் கேட்டவை. நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒரு விஷயத்தைத்தான்: கடைசி இரவுக்கான முடிவைக் கடைசி இரவில் எடுக்கக் கூடாது. ஆள் பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே, ஒரு பகல் நேரத்தில், வீட்டாரைத் தெரிந்த டொக்டரோடு உட்கார்ந்து அதை எடுத்துவிட வேண்டும்.

ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "இனிச் செய்ய ஒன்றும் இல்லை" என்றார்கள். அவ்வளவுதானா?

இல்லை. வருத்தத்தை மாற்றுவதற்கு இனி மருந்து இல்லை என்பதைத்தான் அவசரத்தில் அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். நோவு, இளைப்பு, சத்தி, மலச்சிக்கல், நித்திரை வராமை, படுக்கைப் புண், பயம் என்று ஆளை வதைக்கிற ஒவ்வொன்றுக்கும் செய்ய வேலை இருக்கிறது. குடும்ப டொக்டரின் வேலை அந்த இடத்தில்தான் கூடுகிறது.

இதை நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்கிறோம். சிசிலி சோண்டர்ஸ் என்ற டொக்டர் 1967இல் லண்டனில் சென் கிறிஸ்டோபர் ஹொஸ்பிஸைத் தொடங்கியவர். உடம்பு நோவையும் மனக்கவலையையும் குடும்பக் கவலையையும் கடவுளைப் பற்றிய கேள்விகளையும் அவர் ஒரே நோவாகச் சேர்த்துப் பார்த்தார். இங்கே ஒரு வருத்தக்காரரின் கட்டிலருகே பத்து நிமிஷம் இருந்தாலே அது விளங்கிவிடும். முதுகு நோகுது என்று தொடங்குவார், கடைசி மகளுக்கு வீடு கட்டி முடியவில்லை என்பதில் வந்து நிற்பார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்தப் பராமரிப்புத் தேவைப்படுபவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. இலங்கையிலும் 2019 முதல் 2023 வரைக்கான ஒரு தேசியத் திட்டம் இதற்கென்றே வெளிவந்தது. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரி போன்ற பெரிய இடங்களோடு நிற்காமல் ஊர் மட்டத்துக்கும் வீட்டுக்கும் பராமரிப்பு வர வேண்டும் என்று அது சொன்னது. வீட்டுக்கு வரக்கூடிய ஆள் யார் என்று பார்த்தால், எங்கள் ஊர்களில் அது அனேகமாகப் பக்கத்து டிஸ்பென்சரி டொக்டர்தான்.

கடைசிக் காலம் தொடங்கிவிட்டது என்று எப்படித் தெரியும்?

திகதி சொல்ல யாராலும் முடியாது. டொக்டர்மார் தங்களுக்குள் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி உண்டு: "இந்த ஆள் அடுத்த 12 மாதத்துக்குள் இறந்துபோனால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?" இருக்காது என்று மனம் சொன்னால், அன்றைக்கே ஆயத்தத்தைத் தொடங்க வேண்டும். பலர் ஒரு வருஷம் தாண்டியும் இருப்பார்கள். இருந்தால் நல்லதுதானே, செய்த ஆயத்தத்தால் யாருக்கும் நட்டம் இல்லை.

வருத்தத்துக்கு வருத்தம் போகும் வழி வேறு. புற்றுநோயில் ஆள் பல மாதம் ஓரளவு நடமாடுவார், பிறகு சில கிழமைகளில் மளமளவென்று விழுந்துவிடுவார். இதயமோ நுரையீரலோ கிட்னியோ பழுதானவர்கள் ஏறி இறங்கிப் போவார்கள். ஒவ்வொரு தடவையும் வார்ட்டில் இருந்து திரும்பி வருவார்கள், ஆனால் முந்தின அளவுக்குத் தேற மாட்டார்கள். மறதி நோயும் முதுமைத் தளர்ச்சியும் வருஷக் கணக்கில் மெல்ல மெல்ல ஆளைக் கரைக்கும். என்னிடம் வருபவர்களில் சீனி வருத்தத்தால் கிட்னி போனவர்கள் நிறையப் பேர். புற்றுநோய் என்றால் உடனே இந்தப் பேச்சை எடுக்கும் வீட்டார், கிட்னி வருத்தக்காரருக்கு எடுப்பதே இல்லை. "போன முறையும் இப்பிடித்தான் இருந்து எழும்பினவர்" என்பார்கள்.

வீட்டில் கண்ணால் பார்க்கக்கூடிய அடையாளங்கள் சில உண்டு. சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவுவது. பகலில் பாதிக்கு மேல் படுக்கையிலோ சாய்மனைக் கதிரையிலோ போவது. சில மாதத்துக்குள் இரண்டாவது, மூன்றாவது தடவை அட்மிட் ஆவது. தேத்தண்ணி குடிக்கும்போது அடிக்கடி புரையேறுவது.

"அவருக்குச் சொல்லிப்போடாதீங்க டொக்டர்." சொல்லத்தான் வேண்டுமா?

அதிகம் கேட்கப்படுவது இதுதான்.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை விவசாயி ஒருவர். ஈரல் வரை பரவிவிட்ட புற்றுநோய். மகன்மார் மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்து, "அப்பாக்கு அல்சர் எண்டுதான் சொல்லிருக்கம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக அப்பா வந்தார். கதிரையில் இருந்து சேர்ட் பொத்தானைக் கழற்றிக்கொண்டே கேட்டார்: "டொக்டர், மாரி வெள்ளாமை வெட்டு மட்டும் இருப்பனா?" அல்சர் என்று நம்பியிருக்கும் ஆள் இப்படிக் கேட்பாரா? "வெட்டுக்கு முதல் என்ன வேலை முடிக்கக் கிடக்கு?" என்று திருப்பிக் கேட்டேன். இளைய மகளின் வளவுக்கு உறுதி எழுதவில்லையாம். அடுத்த கிழமையே நொத்தாரிசு வீட்டுக்கு வந்து எழுதி முடித்தார். புற்றுநோய் என்ற சொல்லை அவரும் உச்சரிக்கவில்லை, நானும் உச்சரிக்கவில்லை.

சொல்வதா மறைப்பதா என்று யோசித்து மண்டையை உடைப்பதை விட, அவருக்கு எவ்வளவு தெரியும், இன்னும் எவ்வளவு தெரிய விருப்பம் என்று அவரிடமே கேட்பது சுகம். "உங்கட வருத்தத்தைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். சிலர் எல்லாவற்றையும் கேட்பார்கள். "மகளிட்டச் சொல்லுங்க, எனக்கு வேணாம்" என்பவர்களும் உண்டு. அதுவும் அவருடைய விருப்பம், மதிக்க வேண்டும்.

பொய் மட்டும் வேண்டாம். ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக வீட்டில் உள்ளவர்கள் அவரோடு பேசுவதையே குறைத்துக்கொள்வார்கள். அறைக்குள் வந்தால் டீவியைப் பற்றிப் பேசுவார்கள், வெளியே போய் அழுவார்கள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே தனியாகப் படுத்திருப்பார். வீட்டாரிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: நானாக எதையும் போட்டு உடைக்க மாட்டேன், ஆனால் அவர் நேரே கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். இதற்குச் சம்மதிக்காத குடும்பம் குறைவு.

இந்தப் பராமரிப்பைத் தொடங்கினால் அவர் மனம் விட்டுச் சீக்கிரம் போய்விட மாட்டாரா?

2010இல் அமெரிக்காவில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர் 151 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. வழமையான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்புப் பராமரிப்பும் பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைவாக இருந்தது. கடைசி நாட்களில் கடும் சிகிச்சைகள் குறைந்தன. அப்படியிருந்தும் அவர்கள் மற்றவர்களை விடச் சுமார் இரண்டரை மாதம் கூடுதலாக இருந்தார்கள். எல்லா வருத்தத்துக்கும் இப்படி ஆயுள் கூடும் என்று நான் சொல்லவில்லை. குறையும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை என்று சொல்கிறேன்.

முடிவை யார் எடுப்பது? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தமிழ், முஸ்லிம் குடும்பங்களில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, கலியாணம் முடித்த மகன் மனைவி வீட்டுக்குப் போகிறார். ஆகவே வயதான தாய் தகப்பனைக் கழுவித் துடைத்துப் பார்ப்பவர் மகள். மகள் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போயிருந்தால் பேத்தி. ஆனால் "ஐசியூவில போடுங்க", "கொழும்புக்கு ஏத்துங்க" என்று முடிவு சொல்பவர் வேறு வீட்டில் இருக்கும் மகன், அல்லது கட்டாரிலோ சுவிஸிலோ இருந்து வீடியோ கோலில் வருபவர். இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. தூரத்தில் இருந்து திடீரென்று வந்திறங்கி எல்லாச் சிகிச்சையும் கேட்கும் பிள்ளைக்கு "கலிபோர்னியா மகள்" என்று பெயர் வைத்து, வட அமெரிக்க டொக்டர்மார் 1991இலேயே கட்டுரை எழுதிவிட்டார்கள். இங்கே அது கட்டார் மகன். அவரைக் குறை சொல்லி என்ன, அவர் கடைசியாக நேரில் பார்த்த வாப்பா மோட்டார் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவர்.

முதலில் வருத்தக்காரரின் விருப்பம். அதைக் கேட்ட பிறகு வீட்டில் எல்லாரும் ஒரு நாள் இருங்கள், வெளிநாட்டில் உள்ளவரையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். டொக்டரும் இருந்தால் நல்லது. கழுவித் துடைக்கும் மகளின் வாயை முதலில் திறக்க விடுங்கள். வருத்தக்காரர் எங்கே இருக்க விரும்புகிறார், எதற்குப் பயப்படுகிறார், அவரால் பேச முடியாமல் போனால் யாருடைய சொல்லைக் கேட்பது என்பவற்றைப் பேசி, ஒரு தாளில் எழுதி, கிளினிக் கொப்பியில் ஒட்டிவிடுங்கள்.

மூச்சு நின்றால் நெஞ்சை அமுக்கி உயிரூட்டுவதா என்பதையும் அன்றைக்கே பேச வேண்டும். திடீரென்று மாரடைப்பு வந்தவருக்கு அது உயிர் காக்கும். உடம்பெல்லாம் பரவிய புற்றுநோயில், கடைசிக் கட்டத்தில், அதனால் ஆள் திரும்புவது மிக மிக அரிது. விலா எலும்பு முறிவதுதான் மிச்சம்.

மோர்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், அல்லது அதோடு கதை முடிந்துவிடும் என்கிறார்களே?

இந்த இரண்டு பயத்தாலும் நோவோடு கிடப்பவர்கள் ஏராளம். சரியான அளவில் தொடங்கி, பார்த்துப் பார்த்துக் கூட்டினால் மோர்பின் ஆளைக் கொல்லாது. புற்றுநோய் நோவுக்கு டொக்டர் சொன்னபடி குடிப்பவர், போதைக்குத் தேடி அலைபவராக மாறுவது அரிது. உடம்பு மருந்துக்குப் பழகும் என்பது உண்மை. அதனால்தான் திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சாகும்போதுதான் மோர்பின் கொடுப்பார்கள் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. பிந்தித் தொடங்குவதால் வந்த எண்ணம் அது.

1986இல் உலக சுகாதார நிறுவனம் நோவுக்கு மூன்று படி வகுத்தது: முதலில் பரசிட்டமோல் போன்றவை, அடுத்தது கோடீன் போன்றவை, அதற்கும் கேட்காவிட்டால் மோர்பின். வாயால் குடிக்கலாம் என்றால் ஊசி வேண்டாம். நோவு வந்த பிறகு தேடாமல், மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். சாதாரண மோர்பின் 4 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மெதுவாகக் கரையும் குளிசை 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மெதுவாகக் கரையும் குளிசையை அரைத்தோ மென்றோ கொடுக்கவே கூடாது, அரை நாளுக்கான மருந்து ஒரே அடியாக உள்ளே போய்விடும். குளிசை விழுங்கக் கஷ்டப்படும் ஆளுக்கு வீட்டில் முதலில் செய்வது அதை அம்மியில் வைத்து இடிப்பதுதான், ஆகவே இதை இரண்டு தடவை வாசியுங்கள்.

முதல் சில நாளைக்குத் தூக்கம் வரும், குமட்டும். இரண்டும் பெரும்பாலும் தானாகவே போய்விடும். மலச்சிக்கல் மட்டும் போகாது. ஆகவே மோர்பினோடு மலம் இளக்கும் மருந்தும் அதே நாளில் தொடங்க வேண்டும். எழுதித் தரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். கிட்னி பழுதானவர்களின் உடம்பில் மோர்பின் தேங்கும். அளவும் இடைவெளியும் அவர்களுக்கு வேறு, சில நேரம் மருந்தே வேறு.

கிடைப்பது எங்கே? சட்டக் கட்டுப்பாடு உள்ள மருந்து என்பதால் தெருவோரப் பாமசியில் தேடி அலைய வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையைப் போல புற்றுநோய்ப் பிரிவுள்ள அரச ஆஸ்பத்திரியில்தான் அனேகமாகக் கிடைக்கும். பொத்துவில்காரருக்கு அது நூறு கிலோமீற்றருக்கு மேல் பயணம். ஆகவே குளிசை தீர இரண்டு நாள் இருக்கும்போது தேடாமல், ஒரு கிழமைக்கு முதலே கிளினிக் கொப்பியோடு வீட்டார் ஒருவர் கிளம்ப வேண்டும். வருத்தக்காரரைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லாதபடி, குடும்ப டொக்டர் அவரைப் பார்த்து ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் உதவும்.

சாப்பிடுகிறார் இல்லை. சேலைன் ஏற்றினால் தெம்பு வராதா?

நம்மட ஆட்களுக்குச் சோறு கொடுப்பதுதான் அன்பு. தட்டு அப்படியே திரும்பி வந்தால் மகளுக்கு நெஞ்சு கொதிக்கும். ஆனால் கடைசிக் கட்டத்தில் பசி போவது வருத்தத்தின் ஒரு பகுதி. சாப்பிடாததால் அவர் சாகவில்லை, சாகும் நிலைக்கு உடம்பு வந்ததால் சாப்பாடு வேண்டாம் என்கிறது. வற்புறுத்தி ஊட்டினால் புரையேறி நெஞ்சுக்குள் போய், சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடும்.

ஒரு போத்தல் சேலைனில் இருப்பது உப்புத் தண்ணீர். வெயிலுக்கோ வயிற்றோட்டத்துக்கோ தண்ணீர் வற்றியவருக்கு அது மருந்து. கடைசி நாட்களில் இருப்பவருக்குப் பெரும்பாலும் காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் போய்ச் சேரும். "ஒண்டாவது ஏத்துங்க டொக்டர், சனம் கதைக்கும்" என்று கேட்பவர்களின் நிலை விளங்குகிறது. சனத்துக்காக ஊசி குத்துப்படுவது அவர்தானே.

அதற்குப் பதிலாக வாயைப் பாருங்கள். சுத்தமான துணியை நனைத்துப் பிழிந்து, விரலில் சுற்றி, நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள். உதட்டில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய். விழுங்க முடியுமென்றால் ஒரு கரண்டி இளநீர், ஒரு சின்ன ஐஸ் துண்டு. ஸம்ஸம் தண்ணீரோ கோயில் தீர்த்தமோ கொடுக்க விரும்பினால், தலையை உயர்த்திவைத்து, உதட்டை நனைக்கும் அளவுக்குப் போதும்.

இளைப்புக்கு வீட்டில் ஒக்சிசன் வாங்கி வைக்க வேண்டுமா?

இரத்தத்தில் ஒக்சிசன் குறைவாக உள்ளவருக்கு உதவும். குறையாதவருக்குச் சாதாரணக் காற்றை விட அது பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கடன் வாங்கிச் சிலிண்டர் எடுக்க முதல் டொக்டரிடம் விரலில் ஒருமுறை அளந்து பாருங்கள். முகத்துக்கு நேரே ஒரு சின்ன ஃபேன், யன்னலோரக் கட்டில், முதுகுக்குத் தலையணை அடுக்கி முன்பக்கம் சாய்ந்து இருக்க ஒரு வழி, சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கொஞ்சம் வெளியே அனுப்புவது. இவ்வளவும் செய்தும் கஷ்டம் என்றால், குறைந்த அளவு மோர்பின் சிலருக்கு இளைப்புக்கும் கேட்கும்.

சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் குளிசைகளைத் தொடர வேண்டுமா?

எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டிஸ்பென்சரிக்குக் கொண்டு வாருங்கள். பத்து வருஷம் கழித்து வரக்கூடிய ஆபத்தைத் தடுக்கும் குளிசை, சில மாதமே இருக்கக்கூடியவருக்குச் சுமை. கொலஸ்ட்ரோல் குளிசையை அந்தக் கட்டத்தில் நிறுத்துவதால் கெடுதல் வருவதில்லை என்று ஆய்வே நடந்திருக்கிறது. சாப்பாடு குறைந்த ஆளுக்குப் பழைய அளவில் இன்சுலின் போட்டால் சீனி கீழே இறங்கி மயங்கிவிடுவார். ஆனால் நீங்களாக நிறுத்த வேண்டாம். வலிப்புக் குளிசை போன்ற சிலதைக் கடைசி வரை வேறு வழியிலாவது கொடுக்க வேண்டியிருக்கும்.

கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுவதா, வீட்டிலேயே வைத்திருப்பதா?

இரண்டுமே பிழை இல்லை. வீட்டில் ஒரே அறை, நோவு அடங்கவில்லை, பார்ப்பதற்கு ஒரு சின்னப் பிள்ளைதான் இருக்கிறாள் என்றால் வார்ட் நல்லது. இரவு இரண்டு மணிக்குப் பயத்தில் எடுக்கும் முடிவுதான் கூடாது. 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் ஆட்கள் வருவார்கள். உயிரைக் காப்பாற்றுவதும் ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும் அவர்களின் வேலை, அதை அவர்கள் நன்றாகச் செய்வார்கள். வீட்டில் அமைதியாக இருக்கட்டும் என்று முடிவெடுத்த குடும்பம் அந்த நேரத்தில் அடிக்க வேண்டிய இலக்கம் அதுவல்ல.

படுவான்கரைப் பக்கம் இது இன்னும் முக்கியம். இரவில் யானைப் பயத்தில் டொக்டரும் வர முடியாது, ஆட்டோக்காரரும் வர மாட்டார். அப்படியான வீடுகளுக்குப் பொழுது சாய முதலே, நோவு கூடினால் எது, சத்தி வந்தால் எது, பதற்றப்பட்டால் எது என்று மருந்தைத் தனித்தனிக் கவரில் போட்டுத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விழுங்க முடியாமல் போகும் கட்டம் வரப்போகிறது என்று தெரிந்தால், தோலுக்கு அடியில் சின்ன ஊசி ஒன்றைப் பொருத்தி அதனூடாக மருந்து கொடுக்கும் வழியைத் தாதியோடு பேசி முன்கூட்டியே ஒழுங்கு செய்யலாம்.

கடைசி மணித்தியாலங்களில் என்ன நடக்கும்? பயமாக இருக்கிறது.

நாளில் பெரும்பகுதி நித்திரையில் போகும். சலம் குறையும், நிறம் கடுக்கும். கைகால் குளிர்ந்து திட்டுத் திட்டாக நீலம் பாயும். மூச்சு வேகமாகப் போய், அப்படியே சில வினாடி நின்று, திரும்பத் தொடங்கும். சிலர் போர்வையைப் பிய்ப்பார்கள், இறந்துபோன தாயைக் கூப்பிடுவார்கள்.

சேடம் இழுக்கும் சத்தம்தான் வீட்டாரை அதிகம் உலுக்குவது. தொண்டையில் தேங்கிய எச்சிலை விழுங்கவோ துப்பவோ பலம் இல்லாததால் வரும் சத்தம் அது. அந்த நேரம் அவர் பெரும்பாலும் நினைவில் இருப்பதில்லை, நாம் நினைக்கிற அளவுக்கு அவருக்குக் கஷ்டம் இல்லை. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் குறையும். குழாய் விட்டு உறிஞ்சுவது அனேகமாகத் தொந்தரவுதான். கேட்கும் சக்தி கடைசி வரை இருக்கலாம் என்பதால், காணிச் சண்டையைக் கட்டிலருகே வைக்காதீர்கள். தேவாரமோ யாசீனோ செபமாலையோ, அவர் பழகிய குரலில் மெல்ல ஓதுங்கள். கத்தோலிக்கர் நோயில் பூசுதலுக்குப் பங்குத்தந்தையைக் கடைசி நிமிஷத்தில் தேடாமல், ஆள் நினைவோடு இருக்கும்போதே கூப்பிடுவது நல்லது.

வீட்டில் மௌத்தானால் பேப்பர் வேலை இழுபடுமா? ஜனாஸாவைப் பிந்தாமல் அடக்க வேண்டும்.

காத்தான்குடியிலும் சாய்ந்தமருதிலும் இந்தக் கேள்வி முதல் சந்திப்பிலேயே வந்துவிடும். அதில் ஞாயம் இருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் அடுத்த வருஷம் பெப்ரவரி வரை கொவிட்டைச் சொல்லி ஜனாஸாக்களை எரித்ததும், பிறகு நாடு முழுக்க இருந்து ஓட்டமாவடிக்குக் கொண்டுவந்து அடக்கியதும் யாருக்கும் மறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தால் மையித்து கைக்கு வராது என்ற பயம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது.

தெரிந்த வருத்தத்தால் எதிர்பார்த்தபடி வீட்டில் நடந்த மரணம் என்றால் பெரிய சிக்கல் இல்லை. கிராம உத்தியோகத்தருக்கு அறிவித்து, அவருடைய அறிக்கையோடு பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் 5 நாளுக்குள் பதிய வேண்டும். கிட்டடியில் பார்த்துவந்த டொக்டர் மரணத்துக்கான காரணத்தை எழுதித் தந்தால் வேலை சுகம். டொக்டர் மாதக் கணக்கில் பார்க்கவே இல்லை, அல்லது விழுந்தது, அடிபட்டது, சந்தேகம் என்று ஏதாவது இருந்தால் விஷயம் மரண விசாரணை அதிகாரியிடம் போகும். ஆகவே கடைசிக் கிழமைகளில் டொக்டர் ஒருமுறையாவது வீட்டுக்கு வந்து பார்த்து எழுதி வைப்பது, வருத்தக்காரருக்கு மட்டுமல்ல, அடக்கத்துக்கும் உதவி.

பார்க்கும் மகளுக்கு என்ன வழி?

அவரையும் நான் ஒரு நோயாளியாகத்தான் எழுதி வைக்கிறேன். கடைசியாக எப்போது முழு இரவு நித்திரை கொண்டீங்க மகள் என்று கேட்டால் அனேகமாக அழுகைதான் பதில். வெளிநாட்டில் இருந்து காசு அனுப்பும் சகோதரங்களிடம் நான் கேட்பது, கிழமைக்கு இரண்டு இரவு கூலிக்கு ஒருவரை வைக்கக் காசு தாருங்கள் என்பதுதான். அரை மணிக்கொரு போன் கோலை விட அது எவ்வளவோ மேல்.

(டொக்டர் ஒருவர்) என் டிஸ்பென்சரியில் நானும் மருந்து கொடுக்கும் தங்கச்சியும்தான். நாங்கள் எங்கே தொடங்குவது?

ஒரு சி.ஆர். கொப்பி வாங்குங்கள். முன்னே சொன்ன ஆச்சரியக் கேள்விக்கு "இருக்காது" என்று பதில் வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் அதில் எழுதுங்கள். பிரித்தானியாவில் டொக்டர் கெரி தோமஸ் 2000ஆம் ஆண்டளவில் பொது மருத்துவர்களுக்காகத் தொடங்கிய பொன்தரச் சட்டகம், அடிப்படையில் இவ்வளவுதான்: யார் என்று கண்டுபிடி, என்ன தேவை, என்ன விருப்பம் என்று கேள், முன்கூட்டித் திட்டமிடு. அங்கே ஒரு டொக்டரின் பட்டியலில் வருஷத்துக்கு நூறு பேரில் ஒருவர் அளவில் இறக்கிறார் என்று கணக்கிட்டு, அந்த ஒருவரை முன்கூட்டித் தேடச் சொன்னார்கள். நமக்குப் பதிவுசெய்த பட்டியல் இல்லை. ஆனால் யாருடைய வீட்டில் யார் படுக்கையில் என்று தங்கச்சிக்குத் தெரியும். அவரைக் கேளுங்கள்.

பெயருக்குப் பக்கத்தில் மாதங்களா, கிழமைகளா, நாட்களா என்று உங்கள் ஊகம். எங்கே இருக்க விருப்பம். எதற்குப் பயம். யாருடைய போன் இலக்கம். அடுத்து வரக்கூடிய தொந்தரவு என்ன, அதற்கு மருந்து வீட்டில் இருக்கிறதா. மாதத்துக்கு ஒருமுறை, ஒரு தேத்தண்ணியோடு, இருவரும் உட்கார்ந்து கொப்பியைத் திருப்புங்கள். பொதுச் சுகாதாரத் தாதி இருக்கும் இடம் என்றால் அவரையும் கூப்பிடுங்கள். ஆள் இறந்த பிறகு பெயரை வெட்டிவிட்டுப் போகாமல், அவர் கேட்டது நடந்ததா என்று ஒரு வரி எழுதுங்கள். நாலைந்து மாதத்தில் உங்கள் டிஸ்பென்சரியில் எது சறுக்குகிறது என்று அந்த வரிகளே காட்டும். இரவில் மருந்து இல்லாமல் போவதா, கடிதம் பிந்துவதா, மோர்பினைப் பயந்து தள்ளிப்போடுவதா என்று.

நீங்கள் லீவில் போகும்போது அந்தப் பக்கத்தின் போட்டோவை உங்களுக்காகப் பார்க்கும் டொக்டருக்கு, வீட்டாரின் சம்மதத்தோடு, அனுப்பிவிட்டுப் போங்கள். பராமரிப்பு பெரும்பாலும் அறுந்துபோவது வெள்ளி பின்னேரத்துக்கும் திங்கள் காலைக்கும் இடையில்.

(டொக்டர்) எல்லாருக்கும் ஒரே படிவம் அச்சடித்து நிரப்பினால் சுகம்தானே?

லிவர்பூல் பாதையின் கதையை நினைவில் வையுங்கள். ஹொஸ்பிஸில் கிடைக்கும் நல்ல பராமரிப்பைச் சாதாரண வார்ட்டுக்கும் கொண்டுவர 1990களில் எழுதப்பட்ட வழிகாட்டி அது. நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் பேசாமலே கட்டத்தில் சரி போடும் வேலையாகிவிட்டது. சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீரை நிறுத்தினார்கள் என்று குடும்பங்கள் முறையிட்டன. ஜூலியா நியூபேர்கர் தலைமையிலான மீளாய்வு 2013இல் அதைக் கைவிடச் சொன்னது. படிவம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீட்டாரோடு பேசிய பிறகு நிரப்புங்கள்.

(டொக்டர்) கேரளாவில் நடப்பது இங்கே நடக்குமா?

கோழிக்கோட்டில் 1993இல் சில டொக்டர்மார் தொடங்கிய சிறிய அமைப்பு, அயலவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களே வீடு வீடாகப் போகும் வலையாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே எடுத்துக்கொண்டது. இங்கே எந்த ஊரை எடுத்தாலும் ஒரு மரண உதவிச் சங்கமோ ஜனாஸா நலன்புரிச் சங்கமோ இருக்கிறது. ஆள் இறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் கூடாரமும் கதிரையும் வாசலுக்கு வந்துவிடும். அதே ஆட்கள் இரண்டு மாதம் முந்தி ஒரு காற்று மெத்தையோடு வந்தால் எப்படியிருக்கும் என்று உங்கள் ஊர்ச் சங்கக் கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த வரவேற்பு நான் எதிர்பார்த்ததை விட நன்றாகவே இருந்தது.

இது கருணைக்கொலை இல்லையா?

இல்லை. உயிரை எடுக்கும் நோக்கத்தில் எதையும் கொடுப்பதில்லை, அது இந்த நாட்டில் குற்றம். பயனில்லாத சிகிச்சையைச் செய்யாமல் விடுவதும் நோவுக்கு மருந்து கொடுப்பதும் வேறு விஷயம்.

எல்லாம் முடிந்த பிறகு மிஞ்சிய மருந்துகளை என்ன செய்வது?

மோர்பின் குளிசை ஒன்றுகூட வீட்டில் இருக்கக் கூடாது. எண்ணி, கிளினிக் கொப்பியோடு, எடுத்த ஆஸ்பத்திரியிலேயே ஒப்படையுங்கள். முதுகு நோவு என்று பக்கத்து வீட்டார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். பழக்கமில்லாத உடம்பில், அதுவும் ஒரு சின்னப் பிள்ளையின் வாயில் போனால், மூச்சு நின்றுவிடும். காற்று மெத்தை, சில்லுக் கதிரை, கொமட் கதிரை இவற்றைக் கழுவி வெயிலில் காயவைத்து, டிஸ்பென்சரியில் சொல்லிவிடுங்கள். தேவைப்படும் வீட்டில் இருந்து ஆட்டோவோடு வந்து ஏற்றிக்கொண்டு போவார்கள்.